தாழ்ப்பாள் போட்டாள் என்று நான் பாடிய வரி

மகனே, நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் என்ன சாதித்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சும் தொடங்க வராது, உனக்கே தெரியும். உன் அக்கா மகன் பிரபு டிப்ளமோ முடித்து சர்க்கரை ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அரவைக் காலத்தில் வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் பாகு வாசனை. உன் சித்தப்பா பேரன் வாலிபால் ஆடி ஒரு கப் வாங்கி வந்தான். அதைத் தெருவில் வீடு வீடாகத் தூக்கிக்கினு போய்க் காட்டினேன், அவனுக்குத்தான் வெட்கம். அவன் தங்கச்சி தினமும் மணலூர்பேட்டை வரைக்கும் சைக்கிளில் போய் டைப்ரைட்டிங் கற்றுப் பாஸ் செய்துவிட்டாள். அக்கா மகள் நித்யா பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல், தமிழில் நூற்றுக்கு நூறு. அந்த நூறில் கொஞ்சம் என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். உன் மகளைப் பற்றிச் சொல்லத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது படிக்கிறாள் என்று தெரியும். எந்தக் காயைத் துப்புவாள், தூங்கும்போது யார் கையைப் பிடித்துக்கொள்வாள், எதுவும் தெரியாது. ஒரு தபா கூட நான் அவளைத் தூக்கியதில்லை. அதற்குக் காரணம் நான். அந்தக் காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ "நல்லா இருக்கியாம்மா" என்பாய், நான் "நல்லா இருக்கேன்" என்பேன், அதோடு முடிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நான் பேச ஆரம்பித்தால் வாய் தானாக ராகம் போடும், அழுகை வரும், நீ என்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும். பேனா மெதுவாகப் போகிறது. அஞ்சாவதோடு நின்ற கை, ஒரு வார்த்தை எழுதி முடிப்பதற்குள் அது உண்மையா என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. இது மறைத்து வைக்கிற கடிதமும் இல்லை. நித்யா படித்தாள், உன் அக்கா படித்தாள், உன் அத்தைக்கும் படித்துக் காட்டப் போகிறேன். ஊர் கேட்கச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பி வாங்கினால் அது நியாயம் இல்லை.

நித்யா பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தை என் மடியில் வைத்து, "ஆயா, நீ கேள்வி கேளு, நான் சொல்றேன்" என்பாள். எனக்குக் கண்ணாடி போட்டால் பாடப்புத்தகம் படிக்க வரும். செய்யுள் முழுக்கப் புரியாது, ஆனால் அணிகள் என்று ஒரு பகுதி வந்தபோது ஆடிப்போய்விட்டேன். இதெல்லாம் நாங்கள் இழவு வீட்டில் காலகாலமாகச் செய்கிறதுதானே, இதற்கெல்லாம் பெயர் இருக்கிறதா என்று. "தேர் போல வந்தீங்களே" என்று மாரில் அடித்துக்கொண்டால் அது உவமை. போல என்பதை எடுத்துவிட்டு "என் தேரே சாஞ்சுதே" என்றால் உருவகம். ஊரே இருண்டது, ஏரியே வற்றியது என்றால் உயர்வு நவிற்சி. முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. பாராட்டுகிற மாதிரி வைவதற்கும் ஒரு பெயர், வஞ்சப் புகழ்ச்சி. நான் "இதுல நான் பாஸுடி" என்றேன். நித்யா சிரித்து, "ஆயா, நீ பாடினதை எழுதி வச்சிருந்தா எங்க மிஸ்ஸுக்கே பாடம் எடுக்கலாம்" என்றாள். எனக்குப் பெருமை. ஒப்பாரி என்றால் ரிஷிவந்தியம் வரைக்கும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெருமைதான் நம் வீட்டைத் தின்றது.

அடுத்த பக்கத்தில் தற்குறிப்பேற்ற அணி என்று இருந்தது. பெயரைப் படிக்கவே இரண்டு தபா மூச்சு வாங்கினேன். "இன்னாடி அது?" என்றேன். "ஒண்ணு தானா நடக்குது ஆயா. அதும் மேல புலவர் தன் மனசுல இருக்கறத ஏத்திச் சொல்றது. இப்ப காத்துல கரும்புத் தோகை ஆடுது. அது காத்துக்கு ஆடுது, அவ்ளோதான். புலவர் வந்து, வெட்ட வர்றவங்கள வேணாம் வேணாம்னு கை ஆட்டுதுன்னு சொல்வாரு." நான் புத்தகத்தை மூடிவிட்டேன். "ஏன் ஆயா, தலை வலிக்குதா?" என்றாள். ஆமாம் என்றேன். ஒரு கதவு தானாகச் சாத்தியிருந்தது. அதன் மேல் என் மனசில் இருந்ததை நான் ஏற்றினேன். ஏழு வருஷம் முன்பு உன் அப்பா செத்த அன்றைக்கு நான் செய்த காரியத்துக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பெயர் போட்டிருக்கிறார்கள்.

அந்த நாளை நடந்தபடியே எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஓர் அணி என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது, தன்மை அணியாம். அந்த ஒன்று மட்டும் எனக்குப் பழக்கம் இல்லை. நீ ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தாய், வாரக் கடைசியில் வருவாய். என் மருமகள் ஸ்டெல்லா கல்வராயன் மலை மேல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், வயிற்றில் ஏழு மாசம். முந்தின நாள் அவளுக்கு ராத்திரி டூட்டி. காலையில் மலையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து, கால் வீங்கி, ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு நடு அறையில் படுத்தாள். கதவைச் சாத்தியது அவள் இல்லை. வெளிச்சம் அடிக்கிறதே என்று நான்தான் சாத்தினேன். தாழ்ப்பாள் போடவில்லை. அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, அப்பா மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு நம் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர். ஆள்கள் கரும்புக் காட்டில் இறங்கிவிட்டார்கள், டிராக்டர் வந்து நிற்கிறது. ஆர்டர் தவறினால் ஆலையில் நம் முறை எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, கரும்பு நின்ற இடத்திலேயே காயும். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். "எரியுதுடி. இடது கை ஒரு மாதிரி கடுக்குது. ஸ்டெல்லாவ எழுப்பி ஒரு தபா பார்க்கச் சொல்லட்டுமா?" என்றார். நான் சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்திருந்தேன். "ராத்திரி துன்ன கறி அது. சோடா குடிச்சா இறங்கும். அவ இப்பதான் கண்ண மூடினா, வயித்துப் புள்ளக்காரி, எழுப்பாதீங்க" என்றேன். அவள் மேல் அக்கறைப்பட்ட மாதிரி இருக்கிறது அல்லவா. பாதி அக்கறைதான். மீதி என்னவென்றால், அவளை எழுப்பினால் கையைப் பிடித்துப் பார்ப்பாள், உடனே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பாள், வண்டி அதற்குப் போகும், வெட்டு நிற்கும். அது என் மனசில் ஓடியது. அப்பா "செரி, போ" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். நான் காட்டில் ஆள்களுக்குச் சோறு போட்டுவிட்டு மத்தியானம் திரும்பி வந்தபோது கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். சோடா பாட்டில் பாதி இருந்தது. என் சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடிவந்தாள், அந்த வயிற்றோடு தரையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து எடுத்தேன். உடம்பு அதற்குள் குளிர்ந்திருந்தது.

அவர் அவளைக் கூப்பிடவே இல்லை, மகனே. எழுப்பாதே என்று நான் சொன்னேன், அவர் எழுப்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சாயங்காலம் பொம்பளைகள் சேர்ந்துவிட்டார்கள், தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தோம். செத்தவர் என் புருஷன், பாடுகிறவள் நான், ஊர் முழுக்க என் வாயைப் பார்க்கிறது. ஆம்பளைகள் பந்தலில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உன் அத்தை என் காதோரமாக, "எப்படிம்மா போனான் எங்கண்ணன், பக்கத்துல யாருமே இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். பதிலுக்குப் பதிலாகப் பாட்டு வந்தது.

தாகமுன்னு தவிக்கையில தண்ணி தர நாதியில்ல,
தாழ்ப்பா போட்டுக்கினு மகராசி தூங்கையில,
கூப்பிட்ட குரலுக்குக் கதவு தெறக்கலியே,
கும்பிட்ட சாமிக்கும் காது கேக்கலியே.

நாலு வரி. மோனையில் ஒரு குறை இல்லை. தாகத்துக்குத் தாழ்ப்பாள் வந்து விழுந்தது, கூப்பிட்டதுக்குக் கும்பிட்டது வந்து விழுந்தது. மகராசி என்றேனே, அதுதான் வஞ்சப் புகழ்ச்சி. விழுந்த மாத்திரத்தில் வட்டம் அதைப் பிடித்துக்கொண்டது, இரண்டாம் சுற்றில் எல்லாரும் பாடினார்கள். அது பொய் என்று பாடும்போதே எனக்குத் தெரியும். ஆனால் பாட்டு நன்றாக வந்தது என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது, அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. ஸ்டெல்லா எங்கே இருந்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று அத்தைதான் அவளை நடு அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் பெண் அதைக் கேட்டாள். மணலூர்பேட்டையில் அவள் வீட்டார் சாவுக்கு ஜெபம் சொல்லிப் பாட்டுப் பாடுகிற ஜனங்கள். ஒப்பாரியில் ஆளைக் குத்திப் பாடுவது வழக்கம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. நடந்ததைத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். தான் தூங்கும்போது மாமா கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாய். "அம்மா, நெசமாவே அப்பா கூப்பிட்டாரா?" நான், "டேய், ஒப்பாரிடா அது. அதுக்குப் போய்க் கணக்கு கேட்டுக்கினு நிக்கிற" என்றேன். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய், எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டேன். அத்தை நேராகவே ஸ்டெல்லாவிடம் கேட்டாள், "ஏம்மா, நர்ஸுக்குப் படிச்சவதானே நீ? பெத்தவன் மாதிரி இருந்தவன் தொண்ட வத்திக் கூப்பிட்டிருக்கான், உனக்கு இன்னா அப்படி ஒரு தூக்கம்?" அவள், "கூப்பிட்டிருந்தா எழுந்திருப்பேங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். காலையில் அவள் அரைத் தூக்கத்தில் நான் பேசியதைக் கேட்டாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் நீ அவளைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போனாய். அவள் அந்த வேலையை விட்டாள். மலை ஜனங்கள் ஒரு வருஷம் வரைக்கும் நர்ஸம்மா எப்போ வருவாங்க என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உன் அக்கா போன வருஷம் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து இரண்டு விஷயம் சொன்னாள். ஒன்று, ஸ்டெல்லா இன்னமும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதில்லையாம், கட்டையை வைத்துத் திறந்தே வைத்திருக்கிறாளாம், பிள்ளை இருமினால் கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். இரண்டாவது, நீ ஒரு நாள் கோபத்தில், "எங்கப்பன் கூப்பிட்டப்பவே எழுந்திரிக்காதவ நீ" என்று அவளைச் சொன்னாயாம். அக்கா அதைச் சொல்லும்போது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதிக்கொள், ஏழு வருஷத்தில் நான் பேசாமல் இருந்த நாள்களில் அதுதான் மோசமான நாள். என் பாட்டை என் மகன் தன் பொண்டாட்டியிடம் பாடியிருக்கிறான், நான் கீரை ஆய்கிறேன்.

இந்த ஆடியில் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு சாவு. உன் சித்தி வழி உறவு. என் குரல் போய்விட்டது, பாடுவதற்கு இல்லை, மாலை போடத்தான் போனேன். அங்கே நான் முன்பின் பார்க்காத ஒருத்தி நடுவில் உட்கார்ந்து பாடுகிறாள், நல்ல குரல். ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், "தாழ்ப்பா போட்டுக்கினு மகராசி தூங்கையில" என்று வருகிறது. எழுத்து மாறாமல் வருகிறது. அந்த வீட்டு மருமகள், இருபது வயசுகூட இருக்காது, சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் தலையை முட்டிக்குள் புதைத்தாள். நான் எழுந்து வட்டத்துக்குள் போய், "அந்த வரிய வுடு" என்றேன்.

"ஏம்மா, யாரு நீ?" என்றாள்.

"அது என் பாட்டு. எம்புருஷன் செத்தப்போ நான் கட்டினது. பொய் அது."

பக்கத்தில் இருந்த ஒருத்தி சிரித்தாள். "பாட்டுல இன்னா பொய்யி, மெய்யி? நல்லா இருக்குது, நாலு ஊருல பாடறோம். காப்புரிமை கேக்க வந்தியா?"

"கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது. அந்தாளு கூப்பிடவே இல்ல. எழுப்பாதன்னு சொன்னது நான்" என்றேன். இழவு வீட்டில், முப்பது பேர் நடுவில், என் வாயிலிருந்து முதல் தபா அது வந்தது. யாரோ, "கெழவிக்கு வெய்யில் ஜாஸ்தி ஆயிடுச்சு, தண்ணி குடுங்க" என்று என்னை வெளியே கூட்டிவந்தார்கள். பின்னாலேயே அந்தப் பாட்டு மறுபடியும் தொடங்கியது, அந்த வரியோடுதான். நாலு ஊருக்குப் போனதை நான் ஒருத்தி போய்ப் பிடிக்க முடியாது என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தெரிந்தது. எத்தனை வீட்டில் எத்தனை மருமகள் முட்டிக்குள் தலையைப் புதைத்தாளோ. அவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டெல்லாவுக்கு மட்டும் செய்யலாம்.

வீட்டுக்கு வந்ததும் உன் அத்தையிடம் சொன்னேன். "ஏழு வருஷம் கழிச்சி இன்னாத்துக்கு இத என் தலையில போடற? நான் அந்தப் பொண்ண இன்னா பேச்சு பேசினேன்" என்றாள். அதன்பின் அவள் என்னோடு பேசுவதில்லை. எதிர் வீடுதான், வாசல் பெருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இருந்தாலும் அவள் வாசலில் போய் உட்கார்ந்து இதைப் படிக்கத்தான் போகிறேன். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். நீயும் அப்படிச் செய்யலாம், நான் கேள்வி கேட்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒன்று செய். இந்தக் கடிதத்தை ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டு. அவளே படித்துக்கொள்ளட்டும் என்று கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விடாதே. நீ உட்கார்ந்து, உன் வாயால் படி. அவளைச் சொன்ன அந்த வார்த்தையும் உன் வாயிலிருந்துதானே வந்தது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அம்மாவாக ஒன்று சொல்கிறேன். உன் மகள் நாளைக்கு இதெல்லாம் படிப்பாள். உவமை எது, உருவகம் எது என்று உன்னைக் கேட்பாள். மார்க்குக்காக மட்டும் சொல்லிக்கொடுக்காதே. போல என்று ஒரு வார்த்தை நடுவில் இருக்கும் வரைக்கும் இது வேறு, அது வேறு என்று கேட்கிறவனுக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டால் அழகு ஜாஸ்தி, ஆபத்தும் ஜாஸ்தி. பாட்டில் எடுக்கலாம், ஆள் மேல் பேசும்போது எடுக்கக் கூடாது என்று சொல். உயர்வு நவிற்சியில் ஏரி வற்றினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஒரு பெண் பெயர் அதில் மாட்டினால் நஷ்டம் என்று சொல். வீட்டில் ஒருத்தர் தூங்கினால் தூங்குகிறார், பேசாமல் இருந்தால் பேசாமல் இருக்கிறார், அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று சொல். எனக்கு அறுபத்தெட்டு வயசில், பேத்தியின் புத்தகத்தில்தான் அது கிடைத்தது. அவளுக்கு முன்னாலேயே கிடைக்கட்டும்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். ஸ்டெல்லா, நீ தூங்கினாய், தூங்கும் நேரம் அது. உன் மாமா உன்னைக் கூப்பிடவில்லை. உன்னை எழுப்பக் கூடாது என்று சொன்னது நான். இது மூன்றும்தான் உனக்கு நான் எழுதியது.

மகனே, இப்போது என் விருப்பம் ஒன்று. அக்காவிடம் இருப்பது உன் மகள் ஒரு வயசில் எடுத்த படம், அதை வைத்துக்கொண்டு இப்போதைய முகத்தை என்னால் நினைக்க முடியவில்லை. புதிதாக ஒரு போட்டோ எடு. போனில் வேண்டாம், காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு, கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் இருந்தால் சந்தோஷம். எனக்காகப் போட்டோவுக்கு நிற்க ஸ்டெல்லாவுக்கு மனசு வராவிட்டால் அவளைக் கட்டாயப்படுத்தாதே, நீயும் பிள்ளையும் மட்டும் எடுத்து அனுப்பு. அவள் அதில் இல்லையென்றால், இல்லை என்று மட்டும் பார்ப்பேன். அதன் மேல் எதையும் ஏற்ற மாட்டேன். சீக்கிரம் அனுப்பு.

அம்மா